புளி, பிராசோ, குரோமியம்: ஒரு சைலன்சர் முனையின் சரித்திரம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. திரும்பி வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமில்லையா, ஒரு சைலன்சர் கிடைச்சுது. :-)

போன கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் திருவண்ணாமலை. தீபத்துக்கு முதல் நாள் காலையில ஆயா தோட்டத்துப் பக்கம் குழாயடியில உக்காந்து குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, சொம்பு, தாம்பாளம்னு மொத்தத்தையும் பரப்பி வெச்சு விளக்கிக்கிட்டிருந்தாங்க. நான் வாசல்ல என்னோட செகண்ட் ஹேண்ட் டீசல் காருக்குப் பின்னாடி குத்த வெச்சு உக்காந்து, சைலன்சர் முனையைத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். கார் வாங்கின முதல் மாசத்துல ஆசை ஆசையா மாட்டின பளபள டிப் அது. இப்போ அடுப்புல வெச்ச பால் பாத்திரத்தோட அடி மாதிரி கரேல்னு இருந்துச்சு.

ஆயா எட்டிப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இன்னாடா அது, மலைக் கொப்பரையா? இந்தத் தேய் தேய்க்கிற?"

ஆயாவோட புளியில கொஞ்சம் கடன் வாங்கித் தடவிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை. அடுத்து பச்சைக் கலர் ஸ்கிரப்பர், கொஞ்சம் சபீனா. அரை மணி நேரம் வெறி பிடிச்ச மாதிரி தேய்ச்சதுல கரி போச்சு, பளபளப்பும் வந்துச்சு. ஆனா ஒரு பக்கம் மட்டும் லேசா மஞ்சள் பூத்த மாதிரி ஒரு திட்டு. அதைத் தேய்க்கத் தேய்க்க திட்டு பெருசாகுதே தவிர போகலை.

சாயங்காலம் மாமா (அம்மாவோட தம்பி) வந்தார். குனிஞ்சு பார்த்தார். விரலால ஒரு தடவை தடவினார்.

"போச்சு. குரோமை கழட்டிட்ட. நீ இப்போ தேய்க்கிறது நிக்கல்."

மாமா சென்னையில ஒரு சின்ன முலாம் பட்டறையில 14 வருஷம் வேலை பார்த்தவர். பேரு வேண்டாம், பட்டறையும் இப்போ இல்லை. அவர் சொன்னதைக் கேட்டப்புறம் ஒரு மாசம் இதே நினைப்பா நோண்டிக்கிட்டிருந்தேன். இந்தப் பதிவு அதோட விளைவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ஆயாவின் வேதியியல்

மொதல்ல ஆயா கிட்டேர்ந்தே தொடங்குவோம். ஏன்னா உலோகத்தைப் பளபளப்பாக்குற கலையில ஆயா நம்மளை விட ரொம்ப சீனியர்.

ஆயா எப்படி விளக்குறாங்கன்னு கவனிச்சுப் பார்த்தா ஒரு வரிசை தெரியும். மொதல்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்குற விளக்குல சாம்பலைப் போட்டுத் தேய்ச்சுக் கழுவுவாங்க. அப்புறம்தான் புளி. பிடிவாதமான கறை இருந்தா மட்டும் செங்கல் பொடி. சாம்பல்ல இருக்கிறது காரம். அது எண்ணெயைப் பிடிச்சு சோப்பு மாதிரி ஆக்கிக் கழட்டிடும். புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம், செம்பு பித்தளை மேல படிஞ்ச ஆக்சைடைக் கரைக்கும். செங்கல் பொடி சும்மா உராய்ஞ்சு எடுக்கிற வேலை. ஆக காரம், அமிலம், உராய்வு. சாம்பலையும் புளியையும் ஒண்ணாக் கலந்தா ஒண்ணை ஒண்ணு முறிச்சுக்கும், ரெண்டுமே வேலை செய்யாது. இதை நான் இன்ஜினியரிங் காலேஜ் முதல் வருஷ கெமிஸ்ட்ரியில படிச்சேன். ஆயா பள்ளிக்கூடமே போனதில்லை.

என் டிப்புல புளி ஏன் வேலை செய்யலைன்னு இப்போ புரியுது. அங்கே இருந்தது உலோகத்தோட கறை இல்லை. டீசல் முழுசா எரியாம வந்த கரி. கரியைப் புளி ஒண்ணும் பண்ணாது.

இன்னொரு விஷயம். புளி செம்பைக் கரைக்குதுன்னா, அதே புளியைச் செம்புப் பாத்திரத்துல கொதிக்க வெச்சு ரசம் பண்ணினா என்ன ஆகும்? ரசத்துல செம்பு இறங்கும், சாப்பிட்டவங்களுக்கு வாந்திதான். அதனாலதான் அந்தக் காலத்துல சமையல் பாத்திரத்துக்கு உள்பக்கம் ஈயம் பூசினாங்க. "ஈயம் பூசறதேய்"னு தெருவுல கூவிக்கிட்டு ஒருத்தர் வருவார், துருத்தி வெச்சு ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்ச்சு, துணியால ஒரு சுத்து சுத்தினா உள்ளே கண்ணாடி மாதிரி ஆயிடும்னு அம்மா சொல்லுவாங்க. நான் பார்த்ததில்லை. ஒரு உலோகத்துமேல இன்னொரு உலோகத்தை மெல்லிசாப் பூசி, கீழே இருக்கிறதைக் காப்பாத்துறது. முலாம் பட்டறை அடிப்படையில செய்யறதும் இதேதான்.

செம்பில் இருக்கிற களிம்பை நம்ம ஆளுங்க வெறும் அழுக்காப் பார்க்கலை. சைவ சித்தாந்தத்துல ஆணவ மலத்துக்குச் சொல்ற உவமையே செம்பும் களிம்பும்தான். களிம்பு வெளியிலேர்ந்து வந்து ஒட்டினது இல்லை, செம்பு இருக்கிற வரைக்கும் கூடவே இருக்கும்ங்கிறது வாதம். தேய்ச்சா போகும், விட்டா திரும்ப வரும். ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஆயா திரும்பவும் உக்கார்றதுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

டப்பாவுல வந்த ஆயா

இப்போ கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம்.

1905ல இங்கிலாந்தோட ஹல் நகரத்துல இருந்த ரெக்கிட் கம்பெனி, பிராசோங்கிற திரவ பாலிஷை விக்க ஆரம்பிச்சுது. ரயில்வே, ராணுவம், ஆஸ்பத்திரின்னு பித்தளை இருக்கிற எல்லா இடத்துக்கும் அது போச்சு. என்.சி.சி.யில இருந்தவங்களுக்கு பெல்ட் பக்கிளும் பிராசோ வாசனையும் மறக்காது. அந்த டப்பாவுல என்ன இருக்கு? எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்க மண்ணெண்ணெய் மாதிரி ஒரு கரைப்பான், செம்பு ஆக்சைடைப் பிடிச்சு இழுக்க அம்மோனியா, உராய்வுக்கு நைஸான சிலிக்கா பொடி. ஆயாவோட அதே மூணு வேலை, ஒரே டப்பாவுல. அவ்வளவுதான் வித்தியாசம்.

அது சரியான நேரத்துல வந்த சரக்கு. அப்போ கார்கள்ல ஹெட்லைட், ரேடியேட்டர், ஹாரன் எல்லாமே பித்தளை. அமெரிக்காவுல 1915 வரைக்குமான காலத்துக்கு 'பித்தளை யுகம்'னே பேரு வெச்சிருக்காங்க. ஃபோர்டு மாடல் டி காருக்குப் பித்தளை ரேடியேட்டர் 1916 மாடலோட நின்னு போச்சு, அடுத்த வருஷ மாடல்லேர்ந்து கறுப்புப் பெயின்ட். கார் வெச்சிருந்தவங்களுக்கு (சரியாச் சொன்னா அவங்க டிரைவருக்கு) தினசரி பாலிஷ் வேலை மிச்சம்.

பித்தளைக்கு அப்புறம் நிக்கல் முலாம் வந்துச்சு. வெள்ளி மாதிரி இருக்கும். ஆனா நாளாக நாளாக மங்கி மஞ்சள் பூக்கும். திரும்பவும் பாலிஷ். இந்தத் தேய்க்கிற வேலைக்கு ஒரேயடியா முழுக்குப் போட ஒரு உலோகம் தேவைப்பட்டுது.

கலர் கலரா ஒரு தனிமம்

அந்த உலோகத்தை 1797லயே பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டுபிடிச்சுட்டார். சைபீரியாவிலேர்ந்து வந்த சிவப்புத் தாதுவை ஆராய்ஞ்சப்ப கிடைச்சுது. அதோட உப்புகள் மஞ்சள், ஆரஞ்சு, பச்சைன்னு கலர் கலரா இருந்ததால, நிறத்துக்கான கிரேக்கச் சொல்லை வெச்சு குரோமியம்னு பேரு. ரொம்ப வருஷத்துக்கு அது முக்கியமாச் சாயத்துக்கும் தோல் பதனிடவும்தான் பயன்பட்டுது. (தோல்ங்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.)

1913ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல ஹாரி பிரெர்லி துப்பாக்கிக் குழல் அரிச்சுப் போறதைத் தடுக்க வழி தேடிக்கிட்டிருந்தார். இரும்புல கிட்டத்தட்ட 13 சதவீதம் குரோமியம் சேர்த்துப் பார்த்தார். மைக்ராஸ்கோப்ல பார்க்கணும்னா உலோகத்தை அமிலத்துல லேசா அரிக்க விடணும். இது அரிக்கவே மாட்டேன்னுது. வினிகர், எலுமிச்சைச் சாறு எதுக்கும் அசையலை. துப்பாக்கிக்காகத் தேடினவருக்குச் சாப்பாட்டு மேஜைக் கத்திக்கான இரும்பு கிடைச்சுது. கிட்டத்தட்ட அதே சமயத்துல ஜெர்மனியில க்ரூப் கம்பெனிக்காரங்க நிக்கலும் சேர்த்த வகையை உருவாக்கி 1912ல காப்புரிமைக்குப் போனாங்க. ரெண்டும் சேர்ந்துதான் நம்ம எவர்சில்வர் பரம்பரை.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிக்கலை? உண்மையில அது ஏற்கனவே 'துருப்பிடிச்சது'தான். மேல இருக்கிற குரோமியம் காத்து பட்ட உடனே ஆக்சைடா மாறிடுது. அந்தப் படலம் ரெண்டு மூணு நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஓட்டையில்லாம மூடிக்கும். கீறினா காத்துல இருக்கிற ஆக்சிஜனை எடுத்துத் தானே திரும்ப மூடிக்கும். களிம்பு இல்லாத உலோகம்னு நாம நினைக்கிறது, தன் களிம்பாலேயே தன்னைக் காப்பாத்திக்கிற உலோகம். சித்தாந்திகள் கிட்ட இதைச் சொன்னா என்ன சொல்லுவாங்களோ!

குரோமியத்தை முலாமா ஏத்துற வித்தையை, கடையில விக்கிற அளவுக்கு 1920களின் நடுவுல கொண்டு வந்தவர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் காலின் ஃபிங்க். அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள அமெரிக்கக் கார்கள் பூரா குரோமுக்கு மாறியாச்சு. 1950கள்ல பம்பர், கிரில், கைப்பிடி, சைலன்சர் முனைன்னு தொட்ட இடமெல்லாம் குரோம். நம்மூர்ல அம்பாஸடர் பம்பரும் திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட்டோட சைலன்சரும் அந்தப் பரம்பரைதான். புல்லட் சைலன்சர் சூடுல நீலம் பாய்ஞ்சிருக்கும், பார்த்திருப்பீங்க. அது அழுக்கு இல்லை. ஆக்சைடு படலம் சூட்டுல தடிச்சுப்போய், ஒளி அதுல குறுக்கிட்டு நிறம் காட்டுது. தண்ணி மேல எண்ணெய் மிதந்தா வானவில் தெரியுமே, அதே கணக்கு.

வீட்டுக்குள்ளயும் இதே மாற்றம் நடந்துச்சு. பழைய பித்தளை அண்டா, ஜரிகைப் பட்டுப் புடவை எல்லாம் கொடுத்து எவர்சில்வர் வாங்கின கதை உங்க வீட்டுலயும் இருக்கும். சேலம் உருக்காலைக்கு 1970ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1980களின் தொடக்கத்துல உற்பத்தி ஆரம்பிச்சது ஸ்டெயின்லெஸ் தகடுதான். ஈயம் பூசறவர் தெருவுல வராமப் போனதுக்குக் காரணம் அவர் சோம்பேறி ஆனது இல்லை. பூச வேண்டிய பாத்திரம் இல்லாமப் போச்சு.

மாமாவின் மூக்கு

இப்போ என் டிப்புக்கு வர்றேன்.

முலாம் பூசின டிப்புல இரும்புக்கு மேல 10, 20 மைக்ரான் கனத்துக்கு நிக்கல். அதுக்கு மேல குரோமியம், பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைச்சல். தலைமுடி 70 மைக்ரான்னு வெச்சா, அதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்லை. பளபளப்பைக் கொடுக்கிறது பெரும்பாலும் நிக்கல். அது மங்காமப் பார்த்துக்கிறது குரோம். பச்சை ஸ்கிரப்பர்ல இருக்கிறது அலுமினியம் ஆக்சைடு மாதிரி குரோமை விடக் கடினமான பொடி. அரை மணி நேரம் தேய்ச்சா என்ன ஆகும்னு என் காரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்.

"இதுக்கு இத்தனை மெல்லிசாவா பூசுவாங்க?"ன்னு கேட்டேன்.

"அதை ஏத்தறதுக்குள்ள உயிர் போயிடும்டா"ன்னார். நான் பேச்சுக்குச் சொல்றார்னு நினைச்சேன்.

முலாம் தொட்டியில இருக்கிறது குரோமிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 250 கிராம் குரோமிக் அமிலமும் அதுல நூத்துல ஒரு பங்கு சல்ஃபேட்டும்கிறது பாடப்புத்தகக் கணக்கு. கரண்ட் விட்டா குரோமியம் படியும். ஆனா இது படு மோசமான தொட்டி. கொடுக்கிற கரண்ட்ல 10லேர்ந்து 20 சதவீதம்தான் குரோமியமாகும். மிச்சமெல்லாம் தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன், ஆக்சிஜன் குமிழியா மேல வரும். ஒவ்வொரு குமிழியும் உடையும்போது அமிலத்தைப் புகைமூட்டமா மேல தூக்கிப் போடும். காத்தை உறிஞ்சி வெளியே தள்ற வசதி சரியா இல்லாத பட்டறையில அந்த மூட்டம் போற இடம், தொட்டி பக்கத்துல நிக்கிற ஆளோட மூக்கு.

அந்தத் தொட்டியில இருக்கிறது ஆறிணைதிறன் குரோமியம். தோல்ல பட்டா குழி குழியாப் புண்ணு. மூக்குல தொடர்ந்து பட்டா நடுவுல இருக்கிற சுவர் அரிச்சு ஓட்டை விழும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு 1990ல இதை மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கிற முதல் வகுப்புப் பொருள்னு சேர்த்துச்சு. மாமா வலது கையில மூணு வட்டத் தழும்பு இருக்கு. சின்ன வயசுல அம்மைத் தழும்புன்னு நினைச்சிருக்கேன். மூக்குச் சுவர்ல ஓட்டை இருக்குன்னு அன்னிக்குத்தான் சொன்னார். ஏதோ சைக்கிள் பஞ்சர் மாதிரி சாதாரணமாச் சொன்னார்.

"வலிக்கலையா மாமா?"

"வலிச்சா விட்டிருப்பேனே. வலிக்காம அரிச்சுடுச்சு."

பக்கத்து ஊர்

இதெல்லாம் ஏதோ ஒரு பட்டறைக் கதைன்னு முடிச்சிருக்கலாம். ஆனா குரோமியம் எங்கேர்ந்து வருதுன்னு தேடினப்ப நம்ம பக்கமே வந்து நின்னுச்சு.

1989 வரைக்கும் திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை, வேலூரைத் தலைநகரா வெச்ச வட ஆற்காடுதான். அதே வட ஆற்காட்டுலதான் ராணிப்பேட்டை (2019லேர்ந்து அதுவே தனி மாவட்டம்). அங்கே சிப்காட்ல தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு ஆலை 1970களின் நடுவுல தொடங்கி, 1990களின் நடுவுல மூடப்பட்டுது. குரோமைட் தாதுவைக் காரத்தோட வறுத்து குரோமேட் உப்புகளா மாத்துற வேலை. தோல் தொழிலுக்குத் தேவையான உப்பு அங்கேர்ந்து போச்சு. மூடினப்புறம் மிச்சம் இருந்தது ஒரு லட்சம் டன்னுக்கும் மேல குரோமியக் கழிவு. கழிவு மேட்டுல மழை பெய்ஞ்சா மஞ்சளாத் தண்ணி ஓடும். அது நிலத்தடி நீர்ல இறங்கிச்சு. ஆலை மூடி இருபது வருஷம் தாண்டியும் அந்த மேடு அங்கேயே இருந்தது.

அமெரிக்காவுல ஒரு அமைப்பு (பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட்) 2006ல உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து இடம்னு ஒரு பட்டியல் போட்டுச்சு. செர்னோபில் இருந்த அந்தப் பட்டியல்ல ராணிப்பேட்டையும் இருந்துச்சு. அதே பட்டியல்ல ரஷ்யாவோட நிக்கல் நகரம் நோரில்ஸ்க். அடுத்த வருஷப் பட்டியல்ல ஒடிசாவோட சுகிந்தா. இந்தியாவோட குரோமைட் இருப்புல கிட்டத்தட்ட எல்லாமே இருக்கிற பள்ளத்தாக்கு அது. கீழே நிக்கல், மேல குரோமியம்னு என் டிப்புல இருக்கிற ரெண்டு படலத்துக்கும் அந்தப் பட்டியல்கள்ல ஊர் இருந்துச்சு.

நியாயமாச் சொல்லணும்னா, ராணிப்பேட்டைக் குரோமியம் என் டிப்புக்கு வந்திருக்காது. அது பெரும்பாலும் தோலுக்குப் போனது. உலகத்துக் குரோமியத்துல பெரும்பங்கு எவர்சில்வருக்குத்தான் போகுது, அலங்கார முலாமுக்குப் போறது துளியூண்டு. எவர்சில்வர்ல இருக்கிற குரோமியமும் அந்தத் தொட்டியில இருக்கிற குரோமியமும் ஒண்ணு இல்லை. உங்க தட்டுல சாப்பிட பயப்பட வேண்டாம். டிப் மேல படிஞ்சு முடிஞ்ச குரோமும் யாரையும் ஒண்ணும் பண்ணாது. படிய வைக்கிற வழியிலதான் எல்லா வினையும்.

'எரின் ப்ராக்கோவிச்' படம் பார்த்திருப்பீங்க (2000ல வந்தது, ஜூலியா ராபர்ட்ஸ்). கலிஃபோர்னியாவுல ஹிங்க்லிங்கிற ஊர்த் தண்ணியில கலந்ததும் இதே ஆறிணைதிறன் குரோமியம்தான். அந்த வழக்கு 1996ல 33.3 கோடி டாலருக்கு சமரசமாச்சு. அதே 1996 ஆகஸ்ட்ல நம்ம உச்ச நீதிமன்றம், வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல, பாலாற்றை நாசமாக்கின தோல் தொழிற்சாலைகளைப் பத்தித் தீர்ப்பு சொல்லுச்சு. மாசு பண்றவனே அதுக்கான செலவை ஏத்துக்கணும்ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்தோட பகுதின்னு அழுத்தமாச் சொன்ன தீர்ப்பு அது. சட்டம் படிக்கிறவங்க எல்லாரும் மனப்பாடம் பண்றாங்க. ஹிங்க்லிக்கு ஒரு ஹாலிவுட் படம் இருக்கு. ராணிப்பேட்டைக்கு ஒரு டாகுமென்டரியை நாம எத்தனை பேரு பார்த்திருக்கோம்?

ஆறிணைதிறனுக்குப் பதிலா ஆபத்து குறைஞ்ச மூவிணைதிறன் குரோமியத்துல முலாம் போட வழி 1970கள்லேர்ந்தே இருக்கு. நிறம் கொஞ்சம் மாறும், செலவும் பக்குவமும் கூடுதல், அதனால யாரும் அவசரப்படலை. ஐரோப்பாவுல 2017லேர்ந்து குரோமிக் அமிலத்துக்கு அனுமதி வாங்கணும். கலிஃபோர்னியா 2023ல போட்ட விதிப்படி அலங்கார முலாமுக்கு 2027ல கெடு.

சரி, டிப்பை எப்படித்தான் சுத்தம் பண்றது?

இவ்ளோ பேசிட்டு அதைச் சொல்லாமப் போனா அடிக்க வருவீங்க. மாமா சொன்னது, நான் சூடு பட்டுக் கத்துக்கிட்டது ரெண்டும் சேர்த்து:

1. வண்டி ஆறினப்புறம் தொடுங்க. சோப்புத் தண்ணியில ஊற வெச்சு, மெத்துன்னு துணியால துடைச்சாலே பாதிக் கரி போயிடும். மிச்சக் கரிக்கு எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற திரவத்தைப் போட்டுப் பத்து நிமிஷம் விடுங்க. கரி ஊறணும், உரசக்கூடாது.

2. முலாமா, முழு ஸ்டெயின்லெஸ்ஸான்னு தெரிஞ்சுக்கோங்க. காந்தம் ஒட்டலைன்னா முழு ஸ்டெயின்லெஸ்னு அனேகமா நம்பலாம். ஒட்டினா முடிவு பண்ணாதீங்க, சைலன்சர்ல வர்ற சில ஸ்டெயின்லெஸ் வகையிலயும் காந்தம் ஒட்டும். ஓரத்துல முலாம் உரிஞ்சிருக்கா, கொப்புளிச்சிருக்கான்னு பாருங்க.

3. முழு ஸ்டெயின்லெஸ்னா நைஸான மெட்டல் பாலிஷ் போட்டு எவ்வளவு வேணா தேய்க்கலாம், உள்ளேயும் அதே உலோகம்தான். சாதா இரும்பு நார் மட்டும் வேண்டாம், அதோட துணுக்கு ஒட்டிக்கிட்டுத் துருப்பிடிக்கும்.

4. குரோம் முலாம்னா அங்கங்கே இருக்கிற துருப்புள்ளிக்கு சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சுத் தேய்ங்க. அலுமினியம் குரோமை விட ரொம்ப மெது, கீறாது. அப்புறம் மெழுகு.

5. கக்கூஸ் கழுவுற ஆசிட் பக்கமே போகாதீங்க. அதுல இருக்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையும் திங்கும், ஸ்டெயின்லெஸ்ஸையும் திங்கும்.

6. கரி ரொம்ப சீக்கிரம் திரும்பப் படிஞ்சா பிரச்சினை டிப்புல இல்லை, இன்ஜின்ல. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 டீசல் கார்கள்ல கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கு. அதுல முனை கரேல்னு இருந்தா மெக்கானிக் கிட்ட காட்டுங்க.

இப்போ நிறைய புதுக் கார்ல நிஜக் குழாய் பம்பருக்கு அடியில குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டிருக்கும். மேல தெரியிற பளபள வளையம் சும்மா பிளாஸ்டிக் மேல முலாம். மின்சாரக் காருக்கு அதுவும் தேவையில்லை. நூறு வருஷம் கஷ்டப்பட்டு மெருகேத்தின ஒரு பொருள், நம்ம கண்ணு முன்னாடி அருங்காட்சியகத்துக்குப் போயிட்டிருக்கு.

மை

மறுநாள் சாயங்காலம் 6 மணி. மொட்டை மாடியில எல்லாரும் மலையைப் பார்த்து நின்னுக்கிட்டிருந்தோம். 2,668 அடி உசரத்துல செப்புக் கொப்பரை, 3,000 கிலோவுக்கும் மேல நெய், ஆயிரக்கணக்கான அடி காடாத் துணித் திரி. பருவதராஜ குலத்துக்காரங்க தீபத்தை ஏத்தினதும் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா"ன்னுச்சு. அதைப் பார்த்தப்புறம்தான் எங்க தெருவுல வீட்டு விளக்கெல்லாம் எரிய ஆரம்பிச்சுது. ஆயா விளக்கின குத்துவிளக்குல முகம் பார்க்கலாம் போல இருந்துச்சு. அம்மா மாமா பக்கமாத் தட்டை நீட்டி, "நெய் வாசனை எப்படி இருக்கு பாரு, சொந்த மாட்டு நெய்"ன்னாங்க. மாமா தலையாட்டினார். அவருக்கு வாசனை தெரியறதில்லைன்னு அன்னிக்கு அந்த மாடியில தெரிஞ்சவன் நான் மட்டும்தான்.

மலைத் தீபம் 11 நாள் எரியும். கொப்பரை கீழே வந்தப்புறம் அதுல படிஞ்ச கரியை வழிச்சு மை ஆக்குவாங்க. ஆருத்ரா தரிசனத்தன்னிக்கு நடராஜருக்கு அந்த மையைச் சாத்திட்டு, அப்புறம் பக்தர்களுக்குப் பிரசாதமாக் கொடுப்பாங்க. வேதியியல்ல பார்த்தா அதுவும் கார்பன், என் டிப்புல இருந்ததும் கார்பன். (அதுக்காக சைலன்சர் கரியை நெத்தியில வெச்சுக்காதீங்க. டீசல் புகையும் 2012லேர்ந்து அதே முதல் வகுப்புப் புற்றுநோய்ப் பட்டியல்ல இருக்கு.) எரிஞ்சதோட கரியை மறைக்காம, வழிச்செடுத்து நெத்தியில இட்டுக்கிற ஊர் எங்க ஊரு. அங்கே பொறந்துட்டு நான் அரை மணி நேரம் கரியோட மல்லுக்கட்டி, ஒருத்தர் மூக்கைக் கொடுத்து ஏத்தின படலத்தை உரிச்சு வெச்சிருக்கேன்.

டிப்பை மாத்தலை. மறுமுலாமுக்கும் கொடுக்கலை. அந்த மஞ்சள் திட்டு மேல மெழுகைப் பூசி அப்படியே விட்டிருக்கேன். ஆபீஸ் பார்க்கிங்ல ஒரு நண்பன், "மச்சி, பாலிஷ் போட்டா போயிடும்டா"ன்னான். போகாதுடா, அதான் மேட்டரேன்னேன்.

டிஸ்கி 1: தமிழ்ல 'விளக்கு'ன்னா தீபம். 'விளக்கு'ன்னா தேய்ச்சுக் கழுவு. 'விளக்கு'ன்னா புரிய வை. இந்தப் பதிவுல மூணாவதைச் சரியாப் பண்ணினேனான்னு நீங்கதான் சொல்லணும்.

டிஸ்கி 2: உங்க ஊர்ல இன்னும் ஈயம் பூசறவர் யாராவது இருந்தா சொல்லுங்க. ஆயாவோட ஒரு பித்தளை உருளி பரண்ல சும்மா கிடக்கு. :-)